மிச்சம் 25 பேர்

பள்ளிக்கூடம் என்றதும் பெற்றோருக்கு வருகிற பயம் இரண்டு வகை. யாராவது என்ட பிள்ளையை வருத்துகிறார்களோ என்பது முதலாவது. என்ட பிள்ளை யாரையாவது வருத்துகிறதோ என்பது இரண்டாவது, இதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. பெற்றோர் கூட்டத்திலும் சரி, லாச்சப்பலில் மரக்கறிக்கடை வாசலில் நின்று கதைக்கும்போதும் சரி, பேச்சு இந்த இரண்டைத் தாண்டிப் போகாது. ஆனால் கணக்குப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. 28 பேர் படிக்கிற ஒரு கொலேஜ் வகுப்பில் ஒரு பிள்ளை வதைபடுகிறது, இரண்டு பேர் வதைக்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் 25 பேர். உங்கட பிள்ளையும் என்ட பிள்ளையும் அநேகமாக அந்த 25 பேருக்குள்தான் இருக்கும்.

என்ட மகளுக்கு 11 வயது, ஆர்ஜொந்தெய்யில் சிசியேம் படிக்கிறாள். நவம்பரில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது, இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: வகுப்பு வாட்சப் குழுவில் ஒரு பையனின் படத்தை வைத்து ஸ்டிக்கர் செய்கிறார்களாம். கன்டீனில் அவன் வாயைத் திறந்து சாப்பிடும்போது யாரோ எடுத்த படம். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று வருமாம். பன்றித் தலையோடு ஒரு நாள், குப்பைத்தொட்டிக்குள் இருந்தபடி ஒரு நாள். இப்போது அவன் தனியாகத்தான் சாப்பிடுகிறான், சில நாட்களில் சாப்பிடாமலே முற்றத்தில் போய் நிற்கிறான்.

"நான் ஒண்டும் போடேல்ல அம்மா. பாத்தனான் மட்டும்தான்."

அன்றைக்கு அப்பாவும் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்க முதலே அவர் சொல்லிவிட்டார்: "அதுதான் சரி பிள்ளை. நீ உதுக்குள்ள போகாத. எங்களுக்கேன் சோலி?"

இந்த வசனத்தைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ரயிலில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் யன்னலைப் பார். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டிவை. பள்ளிக்கூட வாசலில் கூட்டம் நின்றால் மற்றப் பக்கத்தால் வா. சோலி சுரட்டு இல்லாமல் படிச்சு முன்னுக்கு வா. உங்களில் எத்தனையோ பேருக்கு இது மனப்பாடமாக இருக்கும்.

பயத்துக்கு ஒரு வரலாறு

இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 80களில் யாழ்ப்பாணத்தில் இளந்தாரிகளாக இருந்தவர்களிடம் "தலையாட்டி" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சுற்றிவளைப்பில் பிடித்த பொடியன்களை வரிசையாக நிற்க வைப்பார்கள். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். கொண்டுபோனவர்களில் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. இப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, பார்ப்பதும் ஆபத்து, பார்த்ததைச் சொல்வது அதைவிட ஆபத்து. "காட்டிக்கொடுக்கிறது" என்ற சொல் எங்கள் சமூகத்தில் இன்றைக்கும் அவ்வளவு கனமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிறகு இங்கே வந்தார்கள். ஒஃப்ப்ராவின் பதில் வரும்வரை கையில் ஒரு துண்டுக் கடதாசி மட்டும்தான். கார் து நோரில் பொலிஸ் மறித்தால் அந்தக் கடதாசிதான் முழு வாழ்க்கையும். அப்படிப்பட்ட ஒரு மனிதர் தெருச்சண்டையில் சாட்சியாக நின்று பெயர், விலாசம் கொடுப்பாரா? கொடுக்காததில் ஒரு நியாயம் இருந்தது. ஒழுக்கம் என்பதும் இடத்தையும் காலத்தையும் பார்த்துத்தான் உருவாகிறது, வானத்திலிருந்து விழுவதில்லை.

பிரச்சினை என்னவென்றால் பாடம் மட்டும் மிஞ்சிவிட்டது. அதை உருவாக்கிய நிலைமை என்ட மகளுக்கு இல்லை. அவளை யாரும் வரிசையில் நிறுத்தப் போவதில்லை. அவளுக்கு முன்னால் இருப்பது ஒரு பையன், ஒரு கன்டீன் மேசை, ஒரு வாட்சப் குழு.

எல்லாருக்கும் அடித்தால் யாருக்கும் அடிக்காது

கூட்டமாக நிற்கும்போது மனிதர் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்ற ஆராய்ச்சி ஒரு கொலையிலிருந்து தொடங்கியது. 1964 மார்ச் 13, நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் வீட்டுக்கு அருகில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் உதவவில்லை என்று இரண்டு கிழமைக்குப் பிறகு நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. நகரத்து மனிதருக்கு இதயமில்லை என்று நாடே புலம்பியது. ஜோன் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்கள்: 38 பேர் இருந்தும் உதவவில்லையா, 38 பேர் இருந்ததால்தான் உதவவில்லையா?

1968இல் வெளிவந்த அவர்களுடைய பரிசோதனையில் மாணவர்கள் தனித்தனி அறையில் இருந்து ஒலிபெருக்கி வழியாகக் கதைத்தார்கள். அதில் ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் குரல் கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதமானோர் அந்தக் குரல் ஓய முதல் உதவி தேடி ஓடினார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தபோது 62. இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது 31. ஆட்கள் கெட்டவர்களாக மாறவில்லை, பொறுப்புத்தான் பங்கு போடப்பட்டுக் கரைந்துவிட்டது.

மென்பொருள் வேலை செய்கிற எனக்கு இதை நம்புவதற்குப் பரிசோதனையே தேவையில்லை. இரவில் சேர்வர் விழுந்தால் எச்சரிக்கை ஒன்று போகும். முழு அணிக்கும் மின்னஞ்சலாகப் போனால் 14 பேரும் பார்ப்பார்கள், மற்ற 13 பேரில் ஒருவர் கவனிப்பார் என்று நினைத்து 14 பேரும் படுத்துவிடுவார்கள். அதனால்தான் இந்தத் தொழிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒருவரின் பெயரைப் போடுகிறோம். முதலில் அந்த ஒருவருக்கு மட்டும் போன் அடிக்கும். "நான் பார்க்கிறேன்" என்று அவர் பொத்தானை அமத்த வேண்டும், அமத்தாவிட்டால் அடுத்த பெயருக்குப் போகும். எல்லாருக்கும் அடிக்கிற மணி யாருக்கும் அடிக்காத மணி.

அதே இருவரின் இன்னொரு பரிசோதனை பிள்ளைகளின் விசயத்துக்கு இன்னும் கிட்ட வருகிறது. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் மெல்லப் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதமானோர் போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் கண்டும் காணாததுபோல எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு நடிகர்களை இருத்தியபோது 10 சதவீதம்தான். மற்றவரின் முகத்தைப் பார்த்துத்தான் இது ஆபத்தா இல்லையா என்று முடிவெடுக்கிறோம். இப்போது வாட்சப் குழுவை நினைத்துப் பாருங்கள். அங்கே முகமே இல்லை. அழுகிற அளவுக்குச் சிரிக்கிற மஞ்சள் பொம்மைகள்தான் இருக்கின்றன. உள்ளுக்குள் சங்கடப்படுகிற பிள்ளை அதைப் பார்த்து, "எனக்கு மட்டும்தான் இது பகிடியாத் தெரியேல்ல போல" என்று நினைத்துக்கொள்ளும். அப்படி நினைக்கிற பிள்ளைகள் 15 பேர் இருந்தாலும் ஒருவருக்கொருவர் தெரியாது.

ஜெனோவீஸ் கதையின் மற்றப் பாதியும் முக்கியம். மேனிங், லெவின், கொலின்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2007இல் பழைய ஆவணங்களைக் கிளறிப் பார்த்தபோது, கொலை முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்ற 38 பேர் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. ஒருவர் யன்னலால் சத்தம் போட்டுக் கொலைகாரனைத் தற்காலிகமாகத் துரத்தியிருந்தார். அயல்வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிப்போய், உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைக் கையில் தாங்கியிருந்தார். தன் செய்தியில் குறைகள் இருந்ததை நியூயோர்க் டைம்ஸும் 2016இல் ஒத்துக்கொண்டது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கமராக்களில் பதிவான 219 தெருத் தகராறுகளைப் பார்த்தது. 91 சதவீதமானவற்றில் வழிப்போக்கர் ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆகவே மனிதர் கல்நெஞ்சர் என்ற கதையை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை, உதவியும் இல்லை.

அப்படியானால் தெருவில் தலையிடுகிற மனிதர் வகுப்பில் ஏன் தலையிடுவதில்லை? என் அபிப்பிராயம் இது. தெருவில் சண்டை பிடிக்கிறவர்களை நீங்கள் நாளைக்குப் பார்க்கப் போவதில்லை. கொலேஜில் அதே ஆட்களோடு நாலு வருசம் இருக்க வேண்டும். தலையிட்டால் அடுத்த ஸ்டிக்கர் யார் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எங்களைவிடத் தெரியும்.

ஆர்ஜொந்தெய், 2021

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. 2021 மார்ச் 8, திங்கட்கிழமை, 14 வயது மாணவி ஒருவர் ஏ15 நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே சேன் நதியில் பிணமாகக் கிடந்தார். அவரைத் தாக்கி ஆற்றில் தள்ளியவர்கள் அதே வகுப்பில் படித்த 15 வயதுப் பையனும் பெண்ணும். அதற்கு முன்பே அவர்களுக்குள் பிணக்கு இருந்தது, அந்தப் பிள்ளையின் அந்தரங்கப் படங்கள் ஸ்னாப்சட்டில் போடப்பட்டிருந்தன. அடுத்த ஞாயிறு வெள்ளை உடையோடு ஊரே அந்தப் பிள்ளைக்காக நடந்தது.

பெரும்பாலான பள்ளிக்கூட வதைகள் இப்படி முடிவதில்லை. அதனால் இதை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டு விசயங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று அந்தப் படங்கள். ஸ்னாப்சட்டில் ஒரு படத்தைப் போடுகிறவருக்குத் தேவை பார்வையாளர்கள்தான். பார்க்கவும் மற்றவருக்குக் காட்டவும் ஆளில்லாவிட்டால் அந்த அவமானத்துக்கு உயிர் இல்லை. "பாத்தனான் மட்டும்தான்" என்பது அதனால்தான் நாங்கள் நினைக்கிற அளவு சின்னச் சொல் இல்லை. மற்றது, பொலிசுக்கு முதலில் தகவல் கொடுத்தது அந்தப் பையனின் தாய். சொந்தப் பிள்ளை. எந்தத் தாய்க்கும் "எங்களுக்கேன் சோலி" என்று நினைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வராது. அவர் போனை எடுத்தார்.

ஒரு வருசம் கழித்து, 2022 மார்ச் 2ஆம் திகதிச் சட்டம் பள்ளிக்கூட வதையைத் தனிக் குற்றமாக்கியது. 3 வருசச் சிறை, 45,000 யூரோ அபராதம் வரை. வதைபட்ட பிள்ளை தற்கொலை செய்தாலோ முயன்றாலோ 10 வருசம், 150,000 யூரோ வரை. எங்கள் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. அதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது, அதன் பெயர் தெரியும், உள்ளடக்கம் தெரியாது: ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமை. 1997 ஓகஸ்ட் 31 இரவு அல்மா சுரங்கத்தில் இளவரசி டயானாவின் கார் மோதியபோது பின்தொடர்ந்து வந்த படப்பிடிப்பாளர்கள் விசாரிக்கப்பட்டது இந்தச் சட்டத்தின் கீழும்தான். இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்த வழக்குத் தள்ளுபடியானது.

இந்தச் சட்டத்தின் பிறப்பு அழகானது இல்லை. 1941 ஒக்டோபர் 25, ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது விஷி அரசு போட்டது. ஜேர்மன் அதிகாரிகள் எதிர்ப்பாளர்களால் சுடப்பட்டுக்கொண்டிருந்த நேரம். பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மக்களை மடக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. விடுதலைக்குப் பிறகு விஷிச் சட்டங்கள் பல குப்பைக்குப் போயின. இதை மட்டும் 1945 யூன் 25இல் திருத்தி, திரும்ப எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்று தண்டனைச் சட்டக் கோவையின் 223-6ஆம் பிரிவு, 5 வருசச் சிறை, 75,000 யூரோ வரை.

வாசித்துப் பார்த்தால் அதில் என்னைக் கவர்ந்தது தண்டனை இல்லை. எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பதுதான். தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து இல்லாமல் செய்யக்கூடிய உதவி. தானே செய்யலாம், அல்லது உதவியை அழைக்கலாம். இந்த இரண்டில் ஒன்று போதும். ஆற்றில் குதி என்று சட்டம் சொல்லவில்லை, போனை எடு என்கிறது. ஸ்டிக்கர் விசயம் இந்தப் பிரிவுக்குள் வராது, இது உயிருக்கோ உடலுக்கோ வருகிற உடனடி ஆபத்தைப் பற்றியது. ஆனால் 11 வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு எனக்கு அது நல்ல அளவுகோலாகத் தெரிந்தது.

ஏனென்றால் நாங்கள் பிள்ளைகளிடம் ஒன்றில் ஒன்றுமே கேட்பதில்லை, இல்லாவிட்டால் வீரத்தைக் கேட்கிறோம். "நீ போய் அவனுக்குச் சொல்ல வேண்டியதுதானே, நிப்பாட்டு எண்டு?" எட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒற்றைப் பிள்ளை போய்ச் சொல்லுமா? நாங்கள் அலுவலகத்தில் சொல்வோமா? மேலாளர் ஒரு புதுப் பொடியனைக் கூட்டத்தில் வைத்து நக்கலடிக்கும்போது எங்களில் எத்தனை பேர் கணினித் திரையைப் பார்க்கிறோம்?

பலாஸ்

மகளிடம் "வி ஸ்கொலேரில போய்ச் சொல்லன்" என்றபோது உடனே வந்த பதில்: "நான் பலாஸ் இல்ல." பிரெஞ்சுப் பள்ளிக்கூட முற்றத்தில் அதைவிட மோசமான பட்டம் இல்லை. தராசு என்றும் பொருள், காட்டிக்கொடுப்பவர் என்றும் பொருள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியும் இருந்தது. யாழ்ப்பாணத்து அப்பப்பாவின் "காட்டிக்கொடுக்கிறது", ஆர்ஜொந்தெய்ப் பேத்தியின் "பலாஸ்". அறுபது வருச இடைவெளி, இரண்டு மொழி, ஒரே பூட்டு.

ஆனால் தலையாட்டியும் இந்தப் பிள்ளையும் ஒன்றில்லை. தலையாட்டி தலையை ஆட்டியது ஒருவரைப் பலமான கைக்குப் பிடித்துக் கொடுப்பதற்கு. இங்கே பலம் ஸ்டிக்கர் போடுகிறவர்களிடம் இருக்கிறது. பலமில்லாத ஒருவருக்கு உதவி கேட்பதும் பலமுள்ளவர்களுக்கு ஆளைப் பிடித்துக் கொடுப்பதும் எதிரெதிரான வேலைகள். மகளுக்கு நான் தலையாட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. "ஆரையும் மாட்டிவிடுறதுக்குச் சொல்லுறது வேற, ஆரையும் வெளியில எடுக்கிறதுக்குச் சொல்லுறது வேற" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவையளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே அம்மா" என்றாள். அதுவும் சரிதான்.

இந்த இடத்தில்தான் அம்மா உள்ளே வந்தா. அப்பா 1983இல் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்தவர். யூலைக் கலவரத்தில் தெரு எரியத் தொடங்கியபோது வாடகைக்கு இருந்த வீட்டுக்காரச் சிங்கள அம்மா அவரையும் இன்னும் இரண்டு பேரையும் பின் அறையில் விட்டுப் பூட்டினாவாம். இரண்டு இரவு. கும்பல் வந்தபோது கேற்றடியில் நின்று, இங்கே தமிழர் ஒருவரும் இல்லை என்று ஒரு வசனம் சொன்னாவாம். அவ்வளவுதான். பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அந்த யூலையில் இப்படித் தப்பிய குடும்பங்கள் நிறைய. உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு யூலையும் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். அன்றைக்கு அம்மா கோப்பை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னா: "அந்த மனிசி 'எங்களுக்கேன் சோலி' எண்டு இருந்திருந்தா நான் இப்ப ஆருக்குச் சமைச்சுக்கொண்டிருப்பன்?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்டார்.

என்ன வேலை செய்கிறது

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் 1996இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வதை என்பது இரண்டு பேருக்கிடையிலான விசயம் இல்லை, முழு வகுப்பும் ஆடுகிற ஆட்டம் என்று கண்டார்கள். தொடங்குகிறவர், துணை போகிறவர், சிரித்து ஊக்கம் கொடுக்கிறவர், ஒதுங்கி நிற்கிறவர், பாதுகாக்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒதுங்கி நின்றவர்கள் கிட்டத்தட்டக் கால்வாசி. பாதுகாத்தவர்கள் 17 சதவீதம். இந்த எண் எனக்கு ஆச்சரியம் தந்தது, இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. இதிலிருந்துதான் துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிவா திட்டம் பிறந்தது. வதைக்கிறவரை மாற்றுவதை மட்டும் நம்பாமல் பார்வையாளர்களை மாற்றுவது அதன் வழி.

டொராண்டோவில் டெப்ரா பெப்லரும் சகாக்களும் பள்ளிக்கூட முற்றங்களைக் கமராவில் பதிவு செய்து பார்த்தார்கள், 2001இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 88 சதவீதமான சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், 19 சதவீதத்தில்தான் யாராவது தலையிட்டார்கள். தலையிட்ட வேளைகளில் பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 செக்கனுக்குள் நின்றுவிட்டது. பத்தே செக்கன். பிள்ளைகள் நினைப்பதைவிட அவர்களிடம் பலம் இருக்கிறது.

இங்கே பிரான்சில் ஃபார் என்ற அரச திட்டம் இருக்கிறது. பெயருக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள். இப்போது ஆரம்பப் பள்ளி, கொலேஜ், லிசே எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பயிற்சி பெற்ற பெரியவர்களின் குழு ஒன்றும் மாணவத் தூதர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் பாவிக்கிற முறையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் "பள்ளிக்கூடம் ஒண்டும் செய்யேல்ல" என்று நீங்கள் கொதிப்பீர்கள். சுவீடன் உளவியலாளர் அனதோல் பிக்காஸ் உருவாக்கிய முறை அது. வதைக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குற்றம் சாட்டாமல், "அந்தப் பிள்ளை சந்தோசமா இல்லைப் போல கிடக்கு, நீ ஏதும் கவனிச்சனியா?" என்று கேட்பார்கள். ஒன்றிரண்டு நாளில் திரும்பவும் கூப்பிடுவார்கள். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கிற பிள்ளையைத் தனி ஆளாக வெளியில் எடுப்பதுதான் அதன் சூட்சுமம். எங்கள் சேர்வர் மணியில் ஒருவரின் பெயரைப் போடுவதும் இதே வேலைதான். பாரதூரமான வதைக்கு இது போதாது, அங்கே ஒழுக்காற்று நடவடிக்கையும் பொலிஸ் முறைப்பாடும் வேண்டும்.

வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஸ்டிக்கர்களை மகள் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நான் புரோனோட்டில் வி ஸ்கொலேருக்கு எழுதினேன், எந்தப் பிள்ளை சொன்னது என்று எழுதவில்லை. அங்கே பதில் வர ஒன்பது நாள் எடுத்தது, இரண்டாம் தரம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பையனின் அம்மாவை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியப்படுத்தும்படியும் அதே கடிதத்தில் கேட்டேன். படங்கள் நிற்காமல் பரவினால் 3018க்கு எடுக்கலாம். இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை, கிழமையில் ஏழு நாளும் காலை 9 மணியிலிருந்து இரவு 11 வரை. சமூக வலைத்தளங்களோடு நேரடித் தொடர்பு வைத்திருப்பவர்கள், படங்களையும் கணக்குகளையும் விரைவாக நீக்க வைக்கக்கூடியவர்கள். பிள்ளையும் எடுக்கலாம், பெற்றோரும் எடுக்கலாம். இந்த இலக்கம் மகளின் போனிலும் இருக்கிறது, அப்பப்பாவின் போனிலும் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

மேசையில் கேட்கிற கேள்வியையும் மாற்றினேன். "இண்டைக்கு உன்னை ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று முன்பு கேட்பேன், "இல்லை" என்ற ஒற்றைச் சொல் வரும். இப்போது "இண்டைக்குக் கன்டீனில ஆர் தனிய இருந்தது?" என்று கேட்கிறேன். இதற்கு மட்டும் எப்போதும் நீளமான பதில் வருகிறது.

மகளிடம் நான் கேட்டது குழுவில் எதிர்த்து எழுது என்று இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்குப் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேட்டேன். தனியாகப் போகமாட்டேன் என்றாள், தன் சிநேகிதி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லையாம். ஸ்டிக்கர் குழுவைப் பள்ளிக்கூடம் மூட வைத்தது, வேறொரு பெயரில் இன்னொன்று வந்திருக்கிறது, அதில் இந்த முறை பாதிப் பேர் சேரவில்லை. பையன் இப்போது ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் அவர்களின் மேசையில்தான் சாப்பிடுகிறான். வாய் திறந்தால் வன் பீஸ் கார்ட்டூன் கதைதான், ஆயிரம் எபிசோட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறான் என்று மகளுக்கு ஒரே அலுப்பு. போன கிழமை அவன் சொன்னதில் எங்கோ பிழை இருக்கிறது என்று தானும் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.